கடலடி வளையமும் வீதியடி வளையமும்: திருகோணமலையில் வாகனங்களை எண்ணிய வரலாறு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை தன் முக்கியத் துறைமுகங்களின் வாயிலில், கடற்படுக்கையின்மீது, நீண்ட மின்வடங்களை வளையமாகப் போட்டு வைத்திருந்தது. திருகோணமலையும் அந்தத் துறைமுகங்களில் ஒன்று. நீர்மூழ்கியோ கப்பலோ, இரும்புடல் ஒன்று வளையத்தைக் கடந்தால் கரையிலிருந்த அறையில் அளவியின் முள் அசையும். இன்று உலகெங்கும் வீதிச் சந்திகளில் தாருக்கு அடியே புதைக்கப்படும் வாகன உணரி வளையம் இதற்கு நெருங்கிய உறவு. அது வீதிக்கு வந்தது 1960களின் தொடக்கத்தில். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே திருகோணமலை வளையத்தைக் கண்டுவிட்டது. ஆனால் கண்டது கடல், வீதியல்ல. ஊருக்குள் போவோர் வருவோரை எண்ணும் வேலை நெடுங்காலம் தாளோடும் பென்சிலோடுமே நடந்தது.

இந்த இடைவெளி ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கருவி கிடைக்காதது ஒரு காரணம்தான். யாருக்காக எண்ணப்பட்டது என்பதே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

கடலடி வளையத்தின் மூலக் கருத்து அலெக்சாண்டர் கிரைட்டன் மிட்செல் என்ற ஸ்கொட்லாந்து இயற்பியலாளருடையது. 1915இல் ஃபோர்த் முகத்துவாரத்தில் அவர் பரிசோதனைகள் செய்து காட்டியபோது மேலிடம் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் உலகப்போரின் பிற்பகுதியில்தான் அதன் பெறுமதி உணரப்பட்டது. தமிழ் வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். இந்த மிட்செல் 1890 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் திருவனந்தபுரத்தில் இருந்தவர். மகாராஜா கல்லூரியில் பேராசிரியராகவும் பின்னர் அதிபராகவும் பணியாற்றினார். அவ்வூர் வானிலை, காந்த அவதானிப்பு நிலையத்தையும் பார்த்துக்கொண்டார். அந்த நிலையத்தில் அவருக்கு முன்பே ஜோன் ஆலன் புரூன் 1850களில் புவிக்காந்த மாற்றங்களை நுணுக்கமாகப் பதிந்திருந்தார். அகத்தியமலை உச்சியிலும் ஓர் அவதானிப்புக் கூடம் கட்டியிருந்தார். காந்த முள்ளின் மிகச் சிறிய அசைவையும் பொறுமையாகப் படிக்கும் மரபு அது. அந்த மரபில் நீண்ட காலம் இருந்த ஒருவர், கப்பல் கடக்கும்போது கம்பியில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை நம்பியதில் வியப்பில்லை.

திருவனந்தபுரத்தைப் போலவே திருகோணமலையும் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழப் படுக்கையாகவே ஓடுகிறது. நிலைக்குத்துக் கூறு மிகக் குறைவு. ஐரோப்பியக் கடலில் அந்த நிலைக்குத்துக் கூறே இரும்புடலில் கணிசமான காந்தத்தைத் தூண்டிவிடும். இங்கேயோ, கப்பல் கட்டப்பட்டபோது அதன் உடலில் தங்கிய காந்தத்தையும், அது நிற்கும் திசையையுமே பெரிதும் நம்ப வேண்டும். இது பழைய கடற்படைக் கதையோடு முடிவதல்ல. இன்று வீதியில் பதிக்கும் காந்தமானி வகை உணரிகளும் புவிப்புலத்தின் குலைவைக் கொண்டே வாகனத்தை அறிகின்றன. வடக்கு நாடுகளில் அளவு பிடித்த கருவியை அப்படியே திருகோணமலையின் சீனக்குடா வீதியில் பதித்தால் அதன் கணக்கை நம்ப முடியாது. இங்கேயே மீண்டும் அளவு பிடிக்க வேண்டும். வீதியில் பதிக்கும் கம்பி வளையத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது பூமியை நம்பி இருப்பதில்லை. தானே உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை ஓடவிட்டு, மேலே வரும் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டத்தால் தன் தூண்டுதிறன் குறைவதைக் கவனிக்கிறது. கடலடி வளையத்துக்கும் வீதி வளையத்துக்கும் உருவம் ஒன்று, வேலை செய்யும் விதம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

முள் அசைந்தால் மட்டும் போதாது. 1942 மே 31 இரவு சிட்னித் துறைமுக வளையத்தின் பதிவேட்டில் ஜப்பானியக் குறு நீர்மூழ்கி ஒன்று கடந்த தடம் விழுந்தது. பயணிகள் படகுகள் இடையறாது போய்வரும் வாயில் என்பதால் அதை யாரும் தனித்துக் கவனிக்கவில்லை. அன்றிரவு குட்டபுல் என்ற கப்பலில் 21 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ராடார் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. பெரும்பாலான கப்பல்கள் அதற்கு முன்னரே துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தன. எச்சரிக்கையைக் கேட்க ஆள் இருந்த இடத்தில் கருவி பயன்பட்டது.

1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. துறைமுகமும் கட்டடங்களும் பீரங்கி மேடைகளும் நமக்கு வந்தன. எண்ணும் கலை வந்ததாகத் தெரியவில்லை.

கரைக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் வீதி என்பது பாதி நீர். மகாவலி பல கிளையாகக் கொட்டியார்க் குடாவில் இறங்குகிறது. கடல் உள்ளே நீண்டு களப்பாகிறது. கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போக ஒரு காலத்தில் ‘பாதை’ ஏற வேண்டும். கிழக்கில் பாதை என்றால் வழி மட்டுமல்ல. வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கும் மிதவைக்கும் அதுவே பெயர். பிரித்தானியர் காலத்தில் துறைகளிலும் பாலங்களிலும் சுங்கம் வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரன் வண்டியை எண்ணினான், மாட்டை எண்ணினான், கட்டணத்துக்காக எண்ணினான். இலங்கை வீதிகளின் முதல் போக்குவரத்துக் கணக்கை அந்த வசூலில்தான் தேட வேண்டும்.

உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் எண்ணியது சோதனைச் சாவடி. மணல் மூட்டை, தகரப் பீப்பா, வளைந்து வளைந்து போகவிடும் தடுப்பு, கொப்பியில் வாகன இலக்கம். அந்தக் கொப்பிகள் எத்தனை நிரம்பியிருக்கும்! ஆனால் அவற்றிலிருந்து ஒரு சந்திக்கு விளக்குச் சமிக்ஞை வேண்டுமா, ஒரு பாலத்துக்கு இரண்டாம் தடம் வேண்டுமா என்று யாரும் முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. சுங்கக்காரன் காசைத் தேடினான். சாவடி சந்தேகத்தைத் தேடியது. பயணிக்காகப் பயணியை எண்ணும் வேலை அப்போதும் வேறெங்கோ நின்றது.

அந்த வேலை 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. அம்பேபுச, குருநாகல் வழியாக வரும் ஏ6, புத்தளம், அனுராதபுரம் வழியாக வரும் ஏ12, மட்டக்களப்பிலிருந்து வரும் ஏ15 ஆகிய மூன்று பெருவீதிகளும் திருகோணமலையில் முடிகின்றன. கைக்கணக்கு என்பது எளிய காட்சி. வீதியோரம் குடைக்குக் கீழே இரண்டு பேர். மடியில் படிவம். மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார், வான், பஸ், லொறி, உழவு இயந்திரம் என்று பத்திகள். நான்கு கோடு நெட்டாக, ஐந்தாவது குறுக்காக. மழை பெய்தால் தாள் ஊறும், மதியத்தில் கண் அயரும். ஆனாலும் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளுக்கும் வெறும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கண்ணுக்குத் தெரியும். அதற்கடுத்து வந்தது வீதிக்குக் குறுக்கே ஆணியடித்துக் கட்டும் இறப்பர்க் குழாய். சில்லு ஏறும்போது உள்ளே காற்று அதிர்ந்து ஓரத்துப் பெட்டியில் பதியும். இரண்டு குழாய் போட்டால் வேகமும் கிடைக்கும். அது எண்ணுவது அச்சை, வாகனத்தையல்ல. அச்சுகளைக் கூட்டிப் பிரித்து வாகனமாக்குவது பின்னால் நடக்கும் கணக்கு.

வீதி உணரியின் உலகக் கதையே ஒலியில் தொடங்கியது. 1928இல் அமெரிக்காவின் பால்டிமோரில் சார்ல்ஸ் அட்லர் அமைத்த சமிக்ஞைக்கு ஓட்டுநர் ஹோர்ன் அடிக்க வேண்டும். ஒலிவாங்கி அதைக் கேட்டு விளக்கை மாற்றும். பிறகு பாரத்தை உணரும் தட்டு, அதன்பின் வளையம். வளையம் பதிப்பது இன்றும் கைப்பழக்கத்தின் வேலை. வைரப்பல் வாளால் தாரில் ஒரு சதுரம் அறுக்க வேண்டும்; பக்கம் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மூலையைச் செங்கோணமாக விட்டால் கம்பியின் உறை அங்கே வெட்டுப்படும், ஆகவே குறுக்கே சாய்த்து அறுப்பார்கள். பள்ளத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கம்பியை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, ஓரப்பெட்டி வரை போகும் இரு நுனியையும் ஒன்றோடொன்று முறுக்கி, மேலே பசை ஊற்றி மூட வேண்டும். ஈரம் இருந்தால் எல்லாம் வீண். வடகீழ்ப் பருவமழை வந்து நிற்கும் கார்த்திகை, மார்கழியில் இங்கே அந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பிறகொரு நாள் வீதியைச் சுரண்டித் தார் போட வருகிறவர்களிடம் கீழே கம்பி இருப்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு வளையம் போதாது என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. வளையத்தின் புலம் அதன் குறுகிய பக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு உயரம்தான் எழும். உயர்ந்த சட்டகமுள்ள லொறியின் முன்பாதியும் பின்பாதியும் இரண்டு வாகனமாக விழக்கூடும். கம்பிக் கோட்டை விட்டு விலகிப் போகும் மோட்டார் சைக்கிள் விழாமலே போகும். இங்கே வீதியை நிறைப்பது மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் முச்சக்கர வண்டியும்.

இரண்டாவது பாரம். சீனக்குடாப் பக்கத்திலிருந்து சீமெந்தும் கோதுமை மாவும் எரிபொருளும் லொறி லொறியாக வெளியேறுகின்றன. 1958 முதல் 1960 வரை இல்லினோயில் நடந்த வீதிச் சோதனை, அச்சின் பாரம் இரட்டித்தால் வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்று காட்டியது. எத்தனை லொறி என்று மட்டும் சொல்லும் கருவி ஏ6 வீதியின் ஆயுளைச் சொல்லாது. ஓடும்போதே அச்சை நிறுக்கும் உணரி வேண்டும். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு இதைத் தள்ளிப்போட நியாயம் இல்லை.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அந்தத் துறையில் பாதையின் காலம் முடிந்தது. ஆனால் அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், புதுப்பாலம் கட்டுவதற்காகப் பழையது அகற்றப்பட, மக்கள் மீண்டும் பாதை ஏறினார்கள். 2021 நவம்பர் 23 காலை, பள்ளிக்கூடம் போகும் நேரம், அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். இறந்தோர் தொகை பின்னர் உயர்ந்தது.

கடலுக்கடியில் போகும் இரும்பை அறிய வளையம் போடப்பட்ட குடாவின் ஓரத்தில்தான் இது நடந்தது. ஒரு பாலத்தைக் கழற்றுமுன் அதன்மேல் காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எத்தனை பேர் போகிறார்கள் என்று அறிய உணரி எதுவும் தேவையில்லை. ஒரு குடையும் இரண்டு பேரும் போதும். அந்தப் படிவத்தில் லொறிக்கும் காருக்கும் முன்பாக, நடந்து போகும் பிள்ளைகளுக்கு ஒரு பத்தி இருக்க வேண்டும்.