புதியவனுக்கு ஒரு கட்டு
(சீட்டாட்டம் சொல்லித் தரும் வரலாறு)



"என்னங்க இது, பள்ளிக்கூட மலர்ல போய் சீட்டாட்டமா?" என்று முகம் சுளிக்காதீர்கள். சீட்டு என்றதும் நம் பெரியவர்களுக்குச் சூது நினைவுக்கு வருவது இயல்பே. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்திற்குச் 'சூது' என்றே பெயர். ஆனால் இங்கே சொல்ல வருவது காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றியன்று. ஓர் ஆட்டம் அறிந்தவன், அறியாதவனுக்கு அதை எப்படிக் கற்றுத் தந்தான் என்பதைப் பற்றி.

சீட்டு பிறந்த நாடு சீனம் என்பர். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஐரோப்பாவை எட்டிவிட்டது. இந்தியாவிலோ, பேரரசர் பாபர் 1527இல் சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் 'கஞ்சிபா' சீட்டுகளை அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். முகலாயக் கஞ்சிபாவில் 96 சீட்டுகள். திருமாலின் பத்து அவதாரங்களைத் தீட்டிய தசாவதாரக் கஞ்சிபாவில் 120. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இன்னும் மேலே போனார். அவர் வகுத்த ஆட்டங்களில் ஒன்றுக்கு 360 சீட்டுகள்! அழகுக்குக் குறைவில்லை. ஆனால் 360 சீட்டை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பையனுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது? அந்த ஆட்டங்கள் அரண்மனையைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை.

நம் பினாங்கைப் பாருங்கள். இங்கே நியோன்யா பாட்டிமார்கள் 'செக்கி' சீட்டை வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து ஆடினார்கள். நம் வீட்டுப் பாட்டிமார்களின் பல்லாங்குழிக்கு மலாய்க்காரர்களின் சொங்காக் ஓர் உடன்பிறப்பு. பல்லாங்குழியில் ஒளிவுமறைவு கிடையாது. சோழி எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். "இந்தக் குழியை எடுத்தா என்ன ஆகும், எண்ணிப் பாரு" என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிடலாம். திறந்து வைத்து ஆடினால் கற்பது எளிது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் 'மேஜிக்: த கேதரிங்' என்ற புதுவகைச் சீட்டாட்டம் வெளிவந்தது. படைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணித அறிஞர். வெளியிட்டது விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம். இதில் புதுமை என்ன? எல்லோருக்கும் ஒரே கட்டு இல்லை. அவரவர் சீட்டு வாங்கி, மாற்றி, சேர்த்துத் தம் கட்டைத் தாமே அமைக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் அதற்கென்று ஒரு விதி அச்சாகியிருக்கும். பொது விதியோடு அது மோதினால் சீட்டில் உள்ளதே செல்லும். 1996இல் ஜப்பானில் போக்கிமான் சீட்டும், 1999இல் கோனாமி நிறுவனத்தின் யூ-கி-ஓ சீட்டும் வந்தன. 2008 பிப்ரவரியில் மேஜிக் ஆட்டத்தின் உலகப் பெரும்போட்டிகளில் ஒன்று நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. ஜான் ஃபின்கெல் வென்றார்.

வளர வளர விதிகளும் பெருகின. மேஜிக்கின் முழு விதிநூல் இன்று 200 பக்கங்களைத் தாண்டிவிட்டது. ஒரு கத்துக்குட்டி இதைப் படித்துவிட்டா விளையாட வருவான்?

இதற்கு வழிதேடி 1997இல் 'போர்ட்டல்' என்ற எளிய பதிப்பை வெளியிட்டார்கள். சிக்கலான சீட்டு வகைகள் சிலவற்றை அடியோடு நீக்கினார்கள். சொற்களையும் மாற்றினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் விளைவு? போர்ட்டலில் பழகிய பிள்ளை, தாய் ஆட்டத்துக்கு வந்ததும் சொற்களை மறுபடி கற்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, அவன் ஆசையாய்ச் சேர்த்த சீட்டுகள் முறையான போட்டிகளில் செல்லாது என்றார்கள். 2005இல்தான் அந்தத் தடை நீங்கியது. குழந்தைக்கு என்று தனியாக ஒரு மொழியைச் செய்து கொடுத்துவிட்டு, பிறகு "இது செல்லாது" என்றால் அவன் மனம் என்ன பாடுபடும், நீங்களே எண்ணிப் பாருங்கள்!

பிறகு வந்த வழி வேறு. ஆட்டம் உண்மையானதாகவே இருக்கட்டும், கட்டு மட்டும் எளிதாக இருக்கட்டும் என்பதே அது. 2020இல் வந்த 'ஜம்ப்ஸ்டார்ட்' முறையில் 20 சீட்டுப் பொட்டலங்கள் இரண்டைப் பிரித்துக் கலந்தால் 40 சீட்டுக் கட்டு தயார், உடனே ஆடலாம். அனுபவம் உள்ள பல ஆட்டக்காரர்கள், புதியவர்களுக்கென்றே விலை குறைந்த சாதாரணச் சீட்டுகளில் இரண்டு மூன்று பழகு கட்டுகளைச் செய்து வைத்திருப்பதும் உண்டு.

நீங்களும் செய்யலாம். முதலாவது, இரண்டு கட்டும் சம பலமாக இருக்கட்டும். இரண்டாவது, எந்தக் கட்டு வேண்டும் என்பதைப் புதியவனே தேர்ந்தெடுக்கட்டும். மூன்றாவது, முதல் ஆட்டத்தில் பல்லாங்குழி போல இருவர் கைச்சீட்டும் திறந்தே கிடக்கட்டும். நான்காவது, விதியை முன்கூட்டியே ஒப்பிக்காதீர்கள்; அந்தச் சீட்டு வரும்போது சொல்லுங்கள். பலமான கட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். ஆறு வயதுத் தம்பியை அரை நிமிடத்தில் தோற்கடிப்பதில் என்ன பெருமை? அவன் எழுந்து போய்விட்டால் நாளைக்கு யாரோடு விளையாடுவீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேஜிக்கின் தொடக்க விதிகளில், தோற்றவன் ஒரு சீட்டை இழக்கும் பந்தயமும் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது வழக்கொழிந்தது. நல்லதாயிற்று! கற்க வந்தவன் கையிலிருப்பதைப் பறிப்பது சூதுதான். பெற்றோர்கள் அஞ்சுவதும் அதற்குத்தானே! ஆகவே பிள்ளைகளே, பந்தயம் வேண்டாம். அப்பா அம்மா தரும் வெள்ளியையெல்லாம் பொட்டலம் பொட்டலமாகக் கரைக்கவும் வேண்டாம். நண்பர்கள் நால்வர் கூடி வைத்திருக்கும் இரண்டு பழகு கட்டே போதும்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களுக்கு வாழ்த்துகள். உங்களுக்கு முதன்முதலில் அகரம் எழுதக் கைபிடித்தவர், பெரிய புத்தகத்தை உங்கள் தலையில் வைக்கவில்லை. ஓர் எழுத்தைத்தான் தந்தார். ஆனால் அது உண்மையான எழுத்து. அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் புதிய தம்பி தங்கைகள் வருவார்கள். விளையாட்டோ பாடமோ, அவர்களுக்குக் கொடுக்க உங்கள் கையில் ஒரு பழகு கட்டு இருக்கட்டும்.