கிளைவ் வேரிங்

கிளைவ் வேரிங் (பிறப்பு: மே 11, 1938) ஒரு பிரித்தானிய இசையியலாளர், இசை நடத்துனர், பாடகர் ஆவார். மறுமலர்ச்சிக் கால இசையமைப்பாளர் லாசசின் படைப்புகளைப் பதிப்பித்தவர். பிபிசி வானொலி 3 இல் பணியாற்றினார். எனினும் இசைத் துறைக்கு வெளியே, மிகக் கடுமையான மறதி நோய்க்கு ஆளானவராகவே இவர் அறியப்படுகிறார்.

நோய்

1985 மார்ச் மாத இறுதியில் இவருக்கு ஹெர்ப்பிசு தீநுண்மத்தால் மூளையழற்சி ஏற்பட்டது. வழக்கமாக உதட்டில் கொப்புளங்களை மட்டும் உண்டாக்கும் இத்தீநுண்மம் மிக அரிதாகவே மூளையைத் தாக்கும். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பசு என்னும் பகுதி இவருக்குச் சிதைந்தது. அதன் பிறகு எந்த நிகழ்வும் சில நொடிகளுக்கு மேல் மனதில் தங்கவில்லை. கணினியில் எழுதிக்கொண்டே இருந்தும் எதையும் சேமிக்க இயலாத நிலையோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். பழைய நினைவுகளிலும் பெரும்பகுதி அழிந்தது. தமது நாட்குறிப்பில் அப்போதுதான் முதன்முறையாக விழித்ததாக எழுதுவார். சற்று நேரத்தில் அதனை அடித்துவிட்டு மீண்டும் அதையே எழுதுவார்.

பியானோ வாசித்தல், பாடகர் குழுவை நடத்துதல் ஆகிய திறன்கள் மட்டும் அழியவில்லை. செயல்முறை நினைவு மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது என்பதே இதற்குக் காரணம்.

பராமரிப்பு

தொற்று குணமாகியும் இவரால் தனித்து வாழ இயலவில்லை. தனியே வெளியே சென்றால் திரும்பும் வழி தெரியாது. உண்டதும் நினைவில் இராது. எனவே எந்நேரமும் ஒருவர் உடனிருக்க வேண்டியதாயிற்று. ஆனால் இத்தகையோருக்கான இல்லங்கள் அக்காலத்தில் இங்கிலாந்தில் மிக அரிது. மனநோயாளியும் அல்லாத, முதியவரும் அல்லாத 46 வயதினர் ஒருவர் எங்கே தங்குவது என்பதற்கு எவரிடமும் விடை இல்லை. இதனால் சுமார் ஏழு ஆண்டுகள் மருத்துவமனையிலேயே கழிந்தன.

இவரது மனைவி டெபோரா இந்நிலையை மாற்றப் போராடினார். மறதி நோயாளர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார்; அது பின்னர் மூளைக் காயமுற்றோருக்கான ஹெட்வே அமைப்புடன் இணைந்தது. 1992 இல் கிளைவ், மூளைக் காயமுற்றோருக்கான சிறிய நாட்டுப்புற இல்லம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். தம்மை அறிந்த பணியாளர்களும் மாறாத நடைமுறைகளும் அமைந்த பின்னர், நினைவு திரும்பாவிடினும், இவரது பதற்றம் தணிந்தது. பிறருடன் பேசிப் பழகலானார். மருந்துகளால் இயலாத இம்மாற்றம் இங்கு கவனிக்கத்தக்கது.

பராமரிப்பாளரும் களைப்புறுவர் என்பதை இவ்வரலாற்றில் பலர் மறந்துவிடுகின்றனர். டெபோரா மணவிலக்குப் பெற்றுச் சில காலம் நியூயார்க்கில் வாழ்ந்தார். ஆயினும் கிளைவுடன் தொலைபேசித் தொடர்பை விடவில்லை. பின் நாடு திரும்பினார். 2002 இல் இருவரும் திருமண உறுதிமொழியைப் புதுப்பித்துக்கொண்டனர். அறையிலிருந்து வெளியே சென்று சில நிமிடங்களில் திரும்பினாலும், நெடுநாள் பிரிந்தவரைக் கண்டதுபோல் கிளைவ் அவரை வரவேற்பார்.

நூல்களும் படங்களும்

1986 இல் ஜோனதன் மில்லர் இவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை உருவாக்கினார். டெபோராவின் 'ஃபாரெவர் டுடே' என்னும் நூல் 2005 இல் வெளியானது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்சு, 'மியூசிக்கோபிலியா' (2007) நூலில் ஓர் அத்தியாயத்தை இவருக்காக ஒதுக்கியுள்ளார்.