குயவனும் கறையான் புற்றும்

இந்திய மரபில் கடவுளை மறுத்தவர்கள் என்றதும் நமக்குச் சார்வாகரும் பௌத்தரும்தான் நினைவுக்கு வருவார்கள். மீமாம்சகர்களை விட்டுவிடுகிறோம். வேதமே பிரமாணம், யாகமே கடமை என்று வாழ்ந்தவர்கள். ஆனால் உலகைப் படைத்த ஈஸ்வரன் ஒருவன் தேவையில்லை என்றார்கள். ஏழாம் நூற்றாண்டின் குமாரில பட்டர் சுலோகவார்த்திகத்தில் கேட்ட கேள்விகளுக்கு இன்னும் சூடு ஆறவில்லை. படைப்புக்கு முன் எதுவுமே இல்லையென்றால் படைத்தவனுக்கு மட்டும் உடல் எங்கிருந்து வந்தது? கருணையால் படைத்தான் என்றால், இரங்குவதற்கு அப்போது யார் இருந்தார்கள்? சரி, கருணைதான் என்றே வைத்துக்கொள்வோம். இன்பத்தை மட்டும் படைத்திருக்கலாமே?

எதிர்வரிசையில் நியாயவாதிகள். அவர்களுடைய அனுமானம் எளிமையானது. குடம் ஒரு காரியம், அதற்குக் குயவன் உண்டு. மண்ணும் மலையும் முளையும்கூடக் காரியங்கள்தான்; ஆகவே அவற்றுக்கும் அறிவுள்ள ஒரு கர்த்தா இருந்தாக வேண்டும்.

பௌத்தரான தர்மகீர்த்தி இதை மடக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணால் ஆனது என்பதை வைத்துக் குயவனைக் கண்டுபிடிப்பதென்றால், கறையான் புற்றும் மண்தானே, அதையும் குயவன்தான் வனைந்தானா என்கிறார் பிரமாணவார்த்திகத்தில். கிண்டல் மாதிரித் தெரியும், ஆனால் குறி தப்பவில்லை. குடத்துக்கும் மலைக்கும் 'அமைப்பு' என்ற ஒரே சொல்லைப் போடுகிறோம். சொல் ஒன்று என்பதால் பொருளும் ஒன்றாகிவிடுமா? குடத்தைக் கண்டதும் குயவனை ஊகிக்கிறோம், ஏனென்றால் குடம் வனையப்படுவதைப் பார்த்திருக்கிறோம். மலை வனையப்படுவதை யார் பார்த்தது?

பத்தாம் நூற்றாண்டில் உதயனர் இதற்காகவே நியாயகுசுமாஞ்சலி என்று ஒரு முழு நூல் எழுதினார். கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அது கண்ணில் படக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது அவருடைய பதில்களில் ஒன்று. கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் இது மறுப்பைத் தடுக்கிறதே ஒழிய, கர்த்தாவை நிறுவவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

என்னை உண்மையிலேயே வியக்கவைத்தவர் ராமாநுஜர். பக்தியின் பெரும் ஆசாரியர், ஸ்ரீபாஷ்யத்தில் நியாயவாதிகளின் அனுமானத்தைத் தானே உடைக்கிறார். மலையும் கடலும் காரியங்களாகவே இருக்கட்டும். அவை எல்லாம் ஒரே காலத்தில் ஒரே ஒருவனால் செய்யப்பட்டவை என்பதற்கு என்ன ஆதாரம்? (பெரிய மென்பொருள் எதையாவது பிரித்துப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள். பத்து வருஷத்தில் நூறு பேர் கை வைத்திருப்பார்கள்.) தவிர, குயவனை உதாரணமாக வைத்து ஊகித்தால் கிடைப்பவனும் குயவனைப் போலத்தான் இருப்பான்: உடலும் எல்லையும் கர்மமும் உள்ளவனாக. ராமாநுஜருக்கு வேண்டிய நாராயணன் அவனல்ல. ஆகவே பிரம்மத்தை அறிய சாஸ்திரம் ஒன்றே வழி என்கிறார். அதே வேதத்தைப் பிரமாணமாகப் பிடித்துக்கொண்டுதான் குமாரிலர் படைத்தவனே வேண்டாம் என்றிருந்தார்.