எலியாவின் விண்ணேற்றம்: தரையில் விழுந்த சால்வை உணர்த்தும் பொருள்

மரணத்தைக் காணாமல் இறைவனால் எடுத்துக்கொள்ளப்பட்டவர்களாகப் பைபிள் இருவரைக் காட்டுகிறது. ஒருவர் ஏனோக்கு. மற்றொருவர் எலியா தீர்க்கதரிசி. எலியா கி.மு. 9ஆம் நூற்றாண்டில், ஆகாப் மன்னன் காலத்தில், வட இஸ்ரவேல் நாட்டில் வாழ்ந்தவர். அரசி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடியபோது, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரவேண்டும் என்று மன்றாடியவரும் அவரே.

அவருடைய புறப்பாட்டை இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தின் 2ஆம் அதிகாரம் விவரிக்கிறது. கில்காலிலிருந்து பெத்தேல், எரிகோ வழியாக அவர் யோர்தான் நதிக்குச் செல்கிறார். உடன் செல்பவர் சீடர் எலிசா. “நீ இங்கேயே இரு” என்ற பொருளில் எலியா மூன்று முறை சொல்லியும் சீடர் பிரிய மறுக்கிறார். எலியா தம் சால்வையை முறுக்கித் தண்ணீரை அடிக்க, நதி பிரிந்து வழிவிடுகிறது.

அக்கரையில் எலிசா கேட்டது, குருவின் ஆவியில் இரட்டிப்பான பங்கு. இதைக் குருவைவிட இருமடங்கு சக்தி என்று பலர் கருதுவதுண்டு. ஆனால், உபாகமம் 21:17இன்படி, தந்தையின் சொத்தில் மூத்த மகனுக்குரியது இரண்டு பங்கு. ஆகவே, எலிசா வேண்டியது மூத்த மகனுக்குரிய வாரிசுரிமை என்று விளக்குவதே பொருத்தம்.

அக்கினி ரதத்தில் ஏறி எலியா சென்றதாகவே ஓவியங்கள் காட்டுகின்றன. மூல வசனத்தில் அக்கினி ரதமும் குதிரைகளும் இருவரையும் பிரிக்கின்றன. எலியாவை மேலே கொண்டுசெல்வது சுழல்காற்று.

எலிசா துயரத்தில் தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார். பிறகு, கீழே விழுந்து கிடந்த சால்வையை எடுத்தார். ஏர் உழுதுகொண்டிருந்த அவர்மேல் முன்பு எலியா போட்டு அழைத்ததும் சால்வையைத்தான். யோர்தான் கரையில் அவர் எலியாவைக் கூப்பிடவில்லை. எலியாவின் தேவனையே கூப்பிட்டுத் தண்ணீரை அடித்தார். நதி மீண்டும் பிரிந்தது. எரிகோவில் இருந்தவர்களோ 50 பேரை அனுப்பி மூன்று நாள் தேடியும் எலியாவைக் காணவில்லை.

இந்நிகழ்வின் ஆன்மிகப் பொருள் இங்கேதான் இருக்கிறது. சென்றவரைத் தேடுவது ஒரு வகை அன்பு. அவர் விட்டுச் சென்ற பணியை ஏற்பது மற்றொரு வகை. பைபிள் இரண்டாவதையே தொடர்ந்து சொல்கிறது.

எலியா மீண்டும் வருவார் என்பது மல்கியா நூலின் வாக்கு. யூதர்கள் பஸ்கா விருந்தில் அவருக்கென ஒரு கிண்ணம் வைக்கின்றனர். இயேசு மறுரூபமான மலையில் மோசேயுடன் எலியாவும் தோன்றியதாகச் சுவிசேஷங்கள் கூறுகின்றன. திருக்குர்ஆனும் அவரை இல்யாஸ் என்ற பெயரில் நபியாகக் குறிப்பிடுகிறது.

சால்வையை எடுத்த எலிசா, தேடப் போனவர்கள் திரும்பும்வரை எரிகோவில் இருந்தார். அவ்வூரின் தண்ணீர் கெட்டிருந்தது. புதிய பாத்திரத்தில் உப்பு வாங்கி, ஊற்றில் போட்டு, மக்கள் குடிக்கும் தண்ணீரை அவர் நல்லதாக்கினார்.