பார்டர்: கரையும் எல்லையும்

பொதட்டூர்பேட்டையில் ஒருவர் ‘பார்டர்’ என்றால் எந்த பார்டர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘பார்டர்ல இழை அறுந்துபோச்சு’ என்றால் தறியில் கிடக்கும் சேலை. ‘பார்டர் தாண்டிப் போயிருக்கான்’ என்றால் ஆந்திரா.

தமிழில் இவை இரண்டு சொற்கள். சேலைக்குக் கரை, நாட்டுக்கு எல்லை. கரையில் துணி முடிகிறது, ஆனால் பிரிவதில்லை. உடலையும் கரையையும் ஊடைதான் கட்டுகிறது. எல்லையோ இதுவரை எனது, அப்பால் உனது என்று அறுக்கிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பார்டருக்கும் முதற்பொருள் விளிம்புதான். நாட்டெல்லை பிற்பாடு ஏறியது. சேலைக்கரை போலவே அரசின் கோடும் இயல்பாக அமைந்தது என்கிற மயக்கம் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இயல்பாகவா அமைந்தது? 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணிப் பகுதியும் அங்கே போயிற்று. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் போராடியது. படாஸ்கர் பரிந்துரை, 1959ஆம் ஆண்டுச் சட்டம் என்று நகர்ந்து, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஏழாண்டுக்குள் மாநிலம் இரண்டுமுறை மாறிவிட்டது.

தன் மொழியில் மனு எழுத, தன் மொழியில் பிள்ளையைப் படிக்கவைக்க நடந்த அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்துப் பெரும்பான்மை மொழியை எண்ணினார். வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிறவர் கணக்கில் ஒரு கட்டத்துக்குள்தான் விழ முடியும். எண்ணிக்கை பெரும்பான்மையைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை, மீதிப்பேரைச் சிறுபான்மையாகவும் ஆக்கிவிடுகிறது. அப்படித்தான் நகரியிலும் புத்தூரிலும் தமிழர் ‘அந்தப் பக்கத்து ஆள்’ ஆனார்கள்; இங்கே தெலுங்கர் ஆனார்கள். நகரியிலும் ஓடுவது விசைத்தறிதான். அங்கேயும் கூலிக்கு நெய்கிறவனுக்குப் பாவு சொந்தமில்லை.

2017இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. சரக்குக்குக் கோடு தளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தளரவில்லை. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, தாய்மொழித் தேர்வுக்காகத் தெலுங்குப் பிள்ளைகள் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்க வேண்டியிருந்தது. சித்தூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு நாம் கேட்கிற உரிமையும் இதுவேதான். அங்கே அதை மொழியுரிமை என்கிறோம். இங்கே கேட்டால் என்ன பெயர் வைக்கிறோம்?