டுமீல் இல்லாத துப்பாக்கி

கதை எழுதுகிறவர்களுக்குத் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான்: "டுமீல்!" வில்லன் சுட்டாலும் டுமீல், போலீஸ் இன்ஸ்பெக்டர் சுட்டாலும் டுமீல், கதாநாயகி கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டாலும் அதே டுமீல்தான். நானும் என் நாவல்களில் இந்தச் சொல்லைத் தாராளமாகச் செலவழித்திருக்கிறேன். துப்பாக்கி எழுப்புவது ஒரு சத்தம் அல்ல, இரண்டு சத்தம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த இரண்டையும் அடக்கி, துப்பாக்கியைச் சாதுவாக்கி, வீட்டுக் கூடத்துக்கே அழைத்து வந்தவர்களின் சரித்திரம் ஒன்று உண்டு.

முதல் சத்தம் குழலின் வாயில் பிறக்கிறது. உள்ளே மருந்து எரிந்து உண்டான வாயு, குண்டு வெளியேறியதும் பீறிட்டுக் கிளம்புகிறதல்லவா, அதன் சத்தம். நம் தீபாவளி வெடியும் இந்த ஜாதிதான். இரண்டாவது சத்தம் வழி நெடுகப் பிறக்கிறது. ஒலி காற்றிலே விநாடிக்குச் சுமார் 1,100 அடி போகும். ராணுவத் துப்பாக்கியின் குண்டோ 2,000 அடிக்கு மேல் போகிறது. அலையை முந்திக்கொண்டு ஓடும் படகின் இரு பக்கமும் தண்ணீர் ஆப்பு வடிவில் விரிகிறாற்போல, அந்தக் குண்டின் முன்னே காற்று நெருங்கி விரிகிறது. அது நம் காதைத் தாண்டும்போது, சாட்டையைச் சொடுக்கினாற்போல் ஒரு சத்தம் கேட்கிறது. சாட்டையின் நுனி சொடுக்குவதும் இதே காரணத்தால்தான்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு யுத்தம் வேண்டியிருந்தது. 1870-71 பிரஷ்ய யுத்தத்தில் பிரெஞ்சுக்காரர்களின் ஷாஸ்போ துப்பாக்கி ஏற்படுத்திய காயங்கள் மிகவும் கோரமாக இருந்தன. வெடிக்கும் குண்டைப் போடுகிறார்கள் என்று சந்தேகம் கிளம்பிற்று. 1868-லேயே அத்தகைய குண்டுகளைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஒப்பந்தம் விலக்கியிருந்தது. குண்டு தனக்கு முன்னால் காற்றை நெருக்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் காரணமோ என்று பெல்ஜிய அறிஞர் மெல்சன்ஸ் ஊகித்தார். அவர் பிரசங்கத்தை 1881-ல் பாரிஸில் கேட்ட எர்ன்ஸ்ட் மாக் என்ற பேராசிரியருக்கு அது மனத்தில் தைத்துவிட்டது. 1886-ல் அவர் யோசனைப்படி பீட்டர் சால்ஹெர் என்பவர், ஃபியூமே நகரத்துக் கடற்படைக் கல்லூரியில், பறக்கும் குண்டைப் போட்டோப் பிடித்தே விட்டார். குண்டின் மூக்கில் ஆப்பு வடிவமாக அந்தக் காற்றலை படத்தில் விழுந்திருந்தது.

ஆகவே சத்தமில்லாமல் சுடுவதற்கு வழி எளிது. மருந்தைக் குறைத்தால் வாயில் பிறக்கும் சத்தம் குறையும். குண்டு ஒலியை விட மெதுவாகப் போனால் சாட்டைச் சத்தம் பிறக்கவே பிறக்காது.

விஞ்ஞானம் இதை விளக்குமுன்பே பாரிஸில் ஒரு தொழிலாளி காரியத்தைச் செய்துவிட்டார். லூயி நிக்கோலா ஃப்ளோபேர் 1845-ல் ஒரு சின்னஞ்சிறு தோட்டா செய்தார். தட்டினால் வெடிக்கும் செம்புத் தொப்பி ஒன்று, அதன் வாயில் ஓர் ஈயக் குண்டு, வெடிமருந்தே கிடையாது. நம் பிள்ளைகளின் பொட்டு வெடிக்கு ஒரு குண்டைக் கட்டினாற்போலத்தான். இதைப் போட்டுச் சுடும் துப்பாக்கிக்குச் சலோன் துப்பாக்கி என்று பெயர். சலோன் என்றால் முடி வெட்டும் இடம் என்று எண்ணிவிடாதீர்கள். விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடம். சாப்பாடு முடிந்ததும் கனவான்கள் சுவரோரம் இலக்கு வைத்துச் சுட்டுப் பொழுது போக்கினார்கள். இந்தத் தோட்டாவின் வம்சத்தில்தான் 1857-ல் அமெரிக்காவில் 0.22 அங்குலத் தோட்டா பிறந்தது.

பெரிய துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கும் இந்த ஆசை வந்தது. 1880-களில் அமெரிக்க ராணுவத்தின் பாசறைகளில் சிப்பாய்களே காலித் தோட்டாவை எடுத்து, சொற்ப மருந்தும் உருண்டைக் குண்டும் போட்டு நிரப்பி, கொட்டகைக்குள் பழகினார்கள். பின்னால் இது அங்கே ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. வீட்டிலேயே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, மருந்தைத் தராசில் நிறுத்து, யானைத் துப்பாக்கியைப் பூனைத் துப்பாக்கி ஆக்குவதில் அவர்களுக்கு ஒரு தனி ஆனந்தம். ஆனால் பூனை சில சமயம் புலியாகிவிடும். மருந்து தேவைக்கும் குறைந்து போனால் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். சத்தம் குறைந்ததனால் ஆபத்து குறைந்தது என்று நினைப்பது சரியல்ல.

இனி ஒரு கிழவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லார்டு ராபர்ட்ஸ் 1832-ல் கான்பூரில் பிறந்தவர். 1881 முதல் 1885 வரை நம் சென்னை ராணுவத்துக்கே பிரதம தளபதியாக இருந்தவர். தெற்கத்திச் சிப்பாய் வடக்கத்திப் போர்க்குலத்தானுக்கு ஈடாக மாட்டான் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். 1897-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். வீரம் பிறப்பில் வருவது என்ற அந்தக் கொள்கையினால் சென்னை ராணுவம் அடைந்த நஷ்டம் கொஞ்சமல்ல.

1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் கொலென்ஸோ என்ற இடத்தில் ஆங்கிலேயர்கள் போயர் குடியானவர்களிடம் படுதோல்வி அடைந்தார்கள். மறைந்திருந்து குறி தப்பாமல் சுட்டார்கள் போயர்கள். பீரங்கிகளை மீட்கப் போன இளம் அதிகாரி ஒருவன் குண்டடி பட்டு இரண்டு நாளில் இறந்தான். அவன் ராபர்ட்ஸின் மகன். அந்த யுத்தத்தை நடத்துவதற்கு அதே சமயத்தில் நியமிக்கப்பட்டவர் தகப்பனார். புத்திர சோகத்தை நெஞ்சில் புதைத்துக்கொண்டு கப்பலேறினார்.

திரும்பி வந்தவர் கண்ட பாடம் இது: போயர் சிறுவயது முதல் சுட்டுப் பழகுகிறான், லண்டன் குமாஸ்தா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் ராணுவத் துப்பாக்கிக்கு மைல் கணக்கில் வெற்றிடம் வேண்டும். நகரத்தில் எங்கே போவது? 1901-ல் தொழிலாளர் துப்பாக்கிச் சங்கங்களின் கழகம் ஒன்று ஏற்பட்டது. ராபர்ட்ஸ் அதற்குத் துணை நின்றார். வயோதிக காலத்தில் அதையே தம் முக்கியப் பணிகளில் ஒன்றாகவும் கொண்டார். பாரிஸ் கூடத்தில் விளையாடிய அந்தச் சின்னத் தோட்டாதான் கை கொடுத்தது. 25 கஜ நீளம் இருந்தால் போதும். தச்சனும், தையற்காரனும், கடைச் சிப்பந்தியும் வேலை முடிந்து வந்து, அக்கம்பக்கத்தாரை எழுப்பாமல் குறி பார்த்துப் பழகினார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தச் சின்னத் துப்பாக்கிக்கும் போட்டிகள் இடம் பெற்றன.

வேடிக்கையைப் பார்த்தீர்களா? குறி தப்பாமை குலத்தில் வருவதானால் தச்சனுக்கு எதற்குச் சங்கம்? வீரம் ரத்தத்தில் இருக்கிறது என்று நம்மிடம் சொன்னவர், தம் ஊர் குமாஸ்தாவிடம் போய், "பழகினால் வரும்" என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தார்! அவருடைய கொள்கைக்குச் சரியான பதிலை அந்த ஏழைத் தோட்டாவே சொல்லிவிட்டது. அதுவும் சத்தம் போடாமல்.

1914-ல் மகா யுத்தம் மூண்டது. பிரான்சின் சேற்றிலும் குளிரிலும் இந்தியச் சிப்பாய்கள் போரிட்டார்கள். 82 வயதுக் கிழவர் அவர்களைப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டுப் போனார். அங்கே குளிர் கண்டு, நவம்பர் 14-ம் தேதி செயின்ட் ஓமர் நகரில் காலமானார். கணக்கற்ற பீரங்கிகள் முழங்கிய அந்தப் போர்முனைக்குப் பக்கத்தில், ஒரு குண்டும் படாமல், குளிரில் தொடங்கிய நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார் தளபதி.

இனி நான் எழுதும் கதைகளில் "டுமீல்" வரும்போதெல்லாம் கொஞ்சம் யோசிப்பேன். சரித்திரத்தில் பெரிய சத்தங்களுக்குத்தான் தேதி போட்டு வைக்கிறார்கள். ஆனால் ஒரு கர்வமான எண்ணத்தைத் தகர்ப்பதற்குச் சில சமயம் பொட்டு வெடியே போதுமானதாக இருந்திருக்கிறது.