பெயர் அறியாக் கைகள்

மாசி மாதத்தை நம்ப முடியாது என்பர் எங்கள் பகுதி உழவர். விடியலில் பனி மூடும். நண்பகலில் வெயில் சுடும். யாரும் எதிர்பாராத ஒரு நாளில் கடற்பக்கமிருந்து மேகம் திரண்டு ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். அப்படியொரு மழை பெய்த மறுநாள் காலை, திருக்கழுக்குன்றத்தை அடுத்த எங்கள் சிற்றாலயத்தில் திருப்பலி முடித்து வெளியே வந்தேன். பீடச் சிறுவன் ஒருவன் தன் மறைக்கல்விப் புத்தகத்தை மெல்லத் திறந்து காட்டினான். இரு பக்கங்களுக்கு நடுவே ஒரு பெரிய அந்துப்பூச்சி. பாசிப் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து, பளிங்குக் கல்லில் ஓடும் வரிகளைப் போல அதன் சிறகுகளில் கோலம் படிந்திருந்தது. இரவில் முகப்பு விளக்கில் மோதி விழுந்து, விடியுமுன் இறந்து கிடந்ததாம்.

"சாமி, இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. தேடிச் சொல்வதாக வாக்களித்தேன். நூல்களைப் புரட்டிய பின், அது அரளி இலையைத் தின்று வளரும் பூச்சியென்றும், 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு அரளியின் பெயரையே அதற்குச் சூட்டினார் என்றும் அறிந்தேன். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் தேடப் போன வழியில், நம் சோழமண்டலக் கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சேகரிப்பின் வரலாறு என்னை நிறுத்திவிட்டது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கோட்டையிலிருந்து இலண்டனுக்கு

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனியின் மருத்துவர்களாக இருந்தவர்கள் சாமுவேல் பிரௌன், எட்வர்ட் பல்க்லி என்னும் இருவர். காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் மருந்து கொடுத்த நேரம் போக, இவர்கள் கோட்டையைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தின் செடிகளையும் சிப்பிகளையும் பூச்சிகளையும் திரட்டினர். திரட்டியவை இலண்டனில் மருந்துக் கடை நடத்திய ஜேம்ஸ் பெட்டிவர் என்பவருக்குக் கப்பலேறின. பெட்டிவர் இந்தியாவில் கால் வைத்தவர் அல்லர். எனினும் உலகின் பல துறைமுகங்களிலிருந்தும் அவருக்குப் பொதிகள் வந்தவண்ணம் இருந்தன.

எப்படிச் சேகரிப்பது என்று விளக்கும் அறிவுரைத் தாள் ஒன்றை அச்சிட்டு, தமக்குத் தெரிந்த கப்பல் மருத்துவர்களுக்கெல்லாம் அவர் வழங்கினார். வண்ணத்துப்பூச்சியின் நிறம் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். ஆகவே பிடித்தவுடன் அதை ஓர் அச்சுப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வைத்துவிட வேண்டும் என்பது அதிலுள்ள அறிவுரைகளுள் ஒன்று. இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. யாரும் சொல்லித் தராமலே எங்கள் சிறுவன் செய்ததும் அதுதானே!

சேகரிப்போருக்குக் காலநிலையே எசமானன். ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு அஞ்சிக் கப்பல்கள் சென்னைத் துறையை விட்டகன்றுவிடும். மழைக்காலம் ஓய்ந்த பிறகே திரும்பி வரும். தை, மாசியில் இங்கிலாந்துக்குப் பாய் விரிக்கும். மழை ஓய்ந்து செடிகள் தழைத்து, வண்ணத்துப்பூச்சிகள் மிகுந்து பறக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. அந்தச் சில வாரங்களில் பிடித்தாக வேண்டும், உலர்த்தியாக வேண்டும். இடையில் ஒரு மழை வந்தால் பூசணம் பிடிக்கும். வெயில் அடித்தால் எறும்பு வரும். இவ்வளவையும் தாண்டிக் கப்பலேறியவை மாதக்கணக்கில் கடலில் ஆடிக் கரை சேர வேண்டும்.

1718-இல் பெட்டிவர் இறந்ததும் அவரது திரட்டு முழுவதையும் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் விலைக்கு வாங்கினார். ஸ்லோனின் சேகரிப்பே 1753-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அடித்தளமாயிற்று.

காணாமலே நட்புக் கொண்டவர்கள்

இதே வழியில் மற்றொருவரின் பொதிகளும் சென்றன. அவர் கியோர்க் யோசேப்பு கமெல். மொராவியா நாட்டின் புருனோ நகரில் 1661-இல் பிறந்த இயேசு சபைச் சகோதரர். மணிலாவில் ஏழைகளுக்கு மருந்தகம் நடத்தியவர். பிலிப்பைன் தீவுகளின் செடிகளையும் சிற்றுயிர்களையும் எழுதியும் வரைந்தும் வைத்தார். முதன்முறை இங்கிலாந்துக்கு அனுப்பியவை கடற்கொள்ளையர் கையில் சிக்கி அழிந்தன. மனம் தளராமல் மீண்டும் எழுதி, சென்னை மருத்துவர்கள் வழியாக அனுப்பினார்.

அக்காலத்தின் கடுமையை நாம் மறத்தல் கூடாது. 1700-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருவைப் பிடித்துக் கொடுப்போருக்கு 100 பவுண்டு பரிசு என்று சட்டம் இருந்தது. அதே இங்கிலாந்தில், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த குருவான ஜான் ரே என்னும் இயற்கை அறிஞர், 1704-இல் வெளிவந்த தம் செடிநூலின் மூன்றாம் தொகுதியில் இந்த இயேசு சபைச் சகோதரரின் எழுத்துகளைப் பின்னிணைப்பாக மதிப்புடன் அச்சேற்றினார். ஒருவரையொருவர் கண்டதில்லை, ஒரே திருச்சபையில் இருந்ததுமில்லை. படைப்பின்மேல் கொண்ட வியப்பு அவர்களை இணைத்தது. கமெலின் பெயரையே பின்னர் லின்னேயசு ஒரு செடியினத்துக்கு இட்டார். நாம் நாள்தோறும் அருந்தும் தேயிலையின் அறிவியல் பெயரான 'கமேலியா சினென்சிஸ்' என்பதில் அந்த எளிய சகோதரரின் பெயர் இன்றும் வாழ்கிறது.

கறிவேப்பிலை தேய்த்த பானை

அடுத்த நூற்றாண்டில் இக்கலை தெற்கே தரங்கம்பாடியில் வேரூன்றியது. லின்னேயசின் மாணவர் யோகான் கெரார்டு கொனிக், 1768-இல் அங்குள்ள லுத்தரன் மறைபணித்தளத்துக்கு மருத்துவராக வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கம்பெனியிடமும் பணியாற்றி, 1785-இல் மறைந்தார். அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஃபாப்ரிசியசு. நம் கடலோரப் புதர்க்காட்டில் உகாய் மரத்தையும் விழுதிச் செடியையும் சுற்றிப் பறக்கும் வெளிர்சிவப்புச் சிறகுகளும், வெண்சிறகின் நுனியில் செங்குருதி தோய்ந்தாற்போன்ற அழகும் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளுக்கு அவர் 1775-இல் பெயரிட்டார். கருஞ்சிறகும் சிவந்த உடலுமாக ஆடுதின்னாப்பாளைச் செடியைத் தேடிவரும் பூச்சிக்கு, அதற்கு முன்பே லின்னேயசு துரோயா நகரத்து வீரன் எக்டரின் பெயரை இட்டிருந்தார். கிரேக்கக் காவியத்து வீரன் இப்படி நம் வேலியோரத்தில் குடியேறினான்!

கொனிக் 1779-இல் கறையானைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஈசல் பிடிக்கும் முறை அதில் விவரிக்கப்படுகிறது. மக்கள் புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளையும் எதிர்ப்பக்கம் ஒரு துளையும் இடுவர். எதிர்ப்பக்கத் துளையில், மணமுள்ள ஓர் இலையைத் தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். காற்று வரும் பக்கம் நாற்றப் புகை மூட்டுவர். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். அவற்றை மாவோடு சேர்த்துப் பண்டமாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்பர். அந்த இலைக்கு அவர் குறிப்பிடும் பெயர் 'பெர்கெரா' என்பது. அது வேறொன்றுமன்று, நம் கறிவேப்பிலையே. அதன் அறிவியல் பெயரில் 'கொனிகி' என்று அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் என் உள்ளம் தயங்கி நின்றது. புற்றின் எந்தப் பக்கம் துளையிட வேண்டும், எந்த இலையைத் தேய்க்க வேண்டும் என்று அறிந்திருந்த அந்த மனிதர்களின் பெயர் என்ன? பிரௌன் திரட்டிய செடிகளின் தமிழ்ப் பெயர்கள் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் அச்சாயின. அப்பெயர்களைச் சொன்ன நம் நாட்டு வைத்தியர்கள் யார்? புதரில் ஓடிச் சிறகு நொறுங்காமல் பிடித்துத் தந்த கைகள் யாருடையவை? பெட்டிவருக்குச் சேகரித்துத் தந்தவர்களுள் அடிமை வணிகக் கப்பல்களின் மருத்துவர்களும் பலர் என்பதை எண்ணும்போது, அழகிய சிறகின் பின்னே மறைந்துள்ள துயரமும் கண்ணில் படுகிறது.

கல்லில் எழுதிய பெயர்

திருக்கழுக்குன்றத்து மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் வந்த ஒல்லாந்தர் தங்கள் பெயர்களை அதில் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் வேடிக்கை பார்த்த கழுகுகள் வருவது நின்று ஆண்டுகள் பலவாயின. ஆனால் பெயர்கள் இருக்கின்றன. அந்த மண்டபத்தை ஒரே பாறையில் குடைந்த தச்சர்களின் பெயரோ அங்கே இல்லை.

பிறரைக் குறை சொல்லுமுன் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஆலய நூற்றாண்டு மலரைத் தொகுத்தேன். பங்குத்தந்தையர் வரிசை, ஆயர்களின் படம், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் இருந்தன. மலர் வெளியான அன்று முதியவர் ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, எங்க பாட்டன்மாரு சுண்ணாம்பு அரைச்சு, கல்லு சுமந்த கோயிலுங்க இது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் என் மனம் இவ்வளவு வருந்தியிராது.

படைத்த உயிர்களையெல்லாம் இறைவன் மனிதனிடம் கொண்டுவந்து, என்ன பெயரிடுவான் என்று பார்த்ததாகத் தொடக்கநூல் கூறுகிறது. பெயரிடுதல் ஓர் உரிமை மட்டுமன்று. நன்றியோடு நினைவுகூரும் கடமையும் ஆகும். தமிழ்நாடு அரசு 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த 'தமிழ் மறவன்', 1787-இலேயே ஃபாப்ரிசியசால் அறிவியல் பெயர் பெற்றதுதான். தமிழ்ப் பெயரால் அதை நாடு அறிய இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. வெந்தய வரியன், எலுமிச்சை அழகி என்றெல்லாம் இப்போது வழங்கும் பெயர்களைக் கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது.

சிறுவனிடம் அவன் பூச்சியின் பெயரைச் சொன்னேன். அவன் வீட்டுக்குப் போய்த் தன் பாட்டியிடம் சொல்லியிருக்கிறான். இருளர் குலத்தைச் சேர்ந்த அம்மூதாட்டி மறுநாள் ஆலயத்துக்கு வந்து, கெபியின் பக்கத்திலுள்ள நந்தியாவட்டைச் செடியின் இலையைப் புரட்டிக் காட்டினார். வாலில் சிறு கொம்பு முளைத்த பச்சைப் புழு ஒன்று அசையாமல் இருந்தது. "இதுதாங்க அதுவா மாறும்" என்றார். நான் படித்த எந்த நூலும் எங்கள் ஆலய வளாகத்தில் அது இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லவில்லை.

அதன்பின் சிறுவன் தன் புத்தகத்தின் ஓரத்தில் ஊரையும் நாளையும் எழுதி, 'மழை பெய்த மறுநாள்' என்றும் சேர்த்தான். கண்டெடுத்தவன் என்று தன் பெயரை எழுதினான். அதன் கீழே பாட்டியின் பெயரையும் எழுதச் சொன்னேன். எழுதுமுன் அவன் திரும்பி அவரிடம், "ஆயா, உன் முழுப் பேரு என்ன?" என்று கேட்டான். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தவாறு சொன்னார். மூன்றாண்டுகளாக அவருக்கு நற்கருணை வழங்கி வரும் நானும் அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன்.